மூவாயிரத்துச் சொச்சம் தப்பு

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் நான் செத்தவர்களை டைப் அடித்துப் பிழைத்தேன். கோரமங்களாவில் ஒரு வீட்டின் மாடியைத் தடுப்புப் போட்டு ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் சிலருக்குத் தங்கள் பாட்டன் பூட்டன் எந்தக் கல்லறையில் கிடக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. அதற்காக அந்த ஊர்களின் பழைய கல்லறைப் பதிவேடுகளை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக் கட்டாக எங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு வரிசைக்கு ஒரு பிணம். ஒரு பிணத்துக்கு ஒன்பது கட்டம்: பெயர், குடும்பப் பெயர், ஆணா பெண்ணா, வயது, தொழில், ஊர், வியாதி, இறந்த நாள், குழி எண். என் சொந்தத் தாத்தாவின் குழி எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ஊரான் பிணத்துக்கு மட்டும் ஒன்பது கட்டமும் துல்லியமாக இருக்க வேண்டும்.

நாங்கள் ஆறு பெண்கள், மூன்று ஜோடி. ஒரே பதிவேட்டை ஜோடியில் இருவரும் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. இரண்டு பேர் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்ய மாட்டார்கள் என்பது ஏற்பாடு. கடைசியில் இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே மூலத்தைப் பார்த்துத் திருத்திவிட்டு, கூரியரில் ஃப்ளாப்பியை அனுப்புவார்கள். நல்ல ஏற்பாடுதான். அதைக் கெடுத்தவள் நான்.

என் ஜோடி விவேக் நகர்ப் பெண். அவள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்தே வந்துவிடுவாள். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய்விட்டு, கையில் மெழுகுவத்தி வாசனையோடு வருவாள். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர், அப்பா இல்லை. வேகம் குறைவு, ஆனால் சுத்தம். பதிவேட்டின் மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒரு வரி முடிந்ததும் ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்துவாள். மற்றவர்கள் செத்தவர்களை எண்ணெய்ச் சட்டியில் வடை போடுகிற மாதிரி அடித்துத் தள்ளிக்கொண்டிருக்க, இவள் மட்டும் நடுநடுவே நின்று, "அய்யோ மாதாவே, இருவத்திரெண்டு வயசு பா. பிரசவத்துல போயிருக்கா" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "அவ செத்து நூறு வருஷம் ஆச்சு. நீ அடுத்த வரிய அடி" என்பேன்.

நான் தங்கவயல். விடியுமுன் ரயிலைப் பிடித்து, கன்டோன்மென்டில் இறங்கி, பஸ் பிடித்து வர வேண்டும். அப்பா சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சில் தூசியைச் சேர்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், செய்த காரியத்துக்குக் காரணம் தேடுகிறேன். நாற்பது வயது தாண்டியும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு அப்பாவே இல்லை என்பதைக் காரணம் தேடும்போது எப்போதும் மறந்துவிடுகிறேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் கோர்ஸ் படித்திருந்தேன். அந்த ஆறு பேரில் டைப் அடிப்பதைத் தவிர வேறு ஏதாவது தெரிந்தவள் நான்தான் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது. கறுப்புத் திரையில் எடிட்டரைத் திறந்து, ஃபைலை மேலிருந்து கீழே ஒருமுறை துடைத்து எடுப்பது என் பழக்கம். வரி முடிவில் தேவையில்லாத இடைவெளிகளை நீக்குவேன். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்திருந்தால் ஒன்றை எடுப்பேன். தவறிப்போய் ஒரே வரியை இரண்டு தடவை அடித்திருந்தால், கன்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து ஒரு தட்டு. வரி முழுசாகப் போய்விடும். "நிஜமாகவா?" என்று அந்தக் காலத்து எடிட்டர் கேட்காது. என் ஃபைல் பளிச்சென்று இருக்கும். மேனேஜர் மற்றவர்களிடம் அதைக் காட்டிப் பேசுவார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒப்பிடும் வேலையை முதலில் கையால் செய்தோம். இரண்டு ஃபைலையும் அச்செடுத்து, ஒருத்தி வாசிக்க, ஒருத்தி விரல் வைத்துப் பார்ப்பாள். ஒரு பதிவேட்டுக்கு இரண்டு நாள் போனது. மேனேஜர் திருச்சிப் பக்கத்து மனுஷர். கூரியர் நாள் நெருங்க நெருங்க நகம் கடிப்பார். ஒரு நாள் அவர் முன்னால் போய் நின்று, "சார், இதுக்கு நான் ஒரு ப்ரோக்ராம் எழுதித் தரேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

நாற்பது வரிகூட இருக்காது அந்த ப்ரோக்ராம். லூப்புக்குள் லூப். வெளியே ஒரு சுற்று வரிசைகளுக்கு, அதற்குள்ளே ஒரு சுற்று கட்டங்களுக்கு. ஒரு தெருவில் முதல் வீட்டுக்குள் நுழைந்து ஒன்பது அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து இரண்டாவது வீட்டுக்குள் நுழைவது போல. மறுபடி ஒன்பது அறை. என் ஃபைலில் அந்த அறையில் இருப்பதும் அவள் ஃபைலில் அதே அறையில் இருப்பதும் ஒன்றா? ஒன்று என்றால் அடுத்த அறைக்குப் போ. இல்லையென்றால் வரிசை எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் எழுதி வைத்துவிட்டுப் போ. அவ்வளவுதான்.

இரண்டும் வேறு வேறாக இருந்தால் எது சரி, எது தப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. "வித்தியாசம்னு மட்டும் போட்டுடறேன் சார், யாராவது பதிவேட்டப் பாத்து முடிவு பண்ணட்டும்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. யார் எத்தனை தப்பு செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு எண் வேண்டும் அவருக்கு, போர்டில் ஒட்ட.

"ஒவ்வொண்ணுக்கும் பதிவேட்டப் பொரட்ட ஆள் ஏதும்மா? ஒண்ண சரின்னு வச்சுக்கோ, இன்னொண்ண அதோட ஒப்பிடு. ஆவரேஜா சரியாப் போயிடும்" என்றார்.

ஆவரேஜாக எப்படிச் சரியாகும் என்று நான் கேட்கவில்லை. முதல் ஃபைல் சரி, இரண்டாவது ஃபைல் பரீட்சை எழுதுகிறது என்று எழுதிவிட்டேன். ஒன்று, மூன்று, ஐந்து என்ற மெஷின்களில் உட்கார்ந்தவர்கள் அன்றிலிருந்து தப்பே செய்யாதவர்கள் ஆனார்கள். ரயில் தாமதமாகி நான் பிந்தி வருகிற நாட்களில் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதென்று வாசல் பக்கத்து மெஷினை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அது ஒன்றாம் நம்பர். அவளுடையது இரண்டு.

வாரா வாரம் போர்டில் தாள் ஒட்டப்பட்டது. எனக்கு நேராகப் பூஜ்யம். அவளுக்கு இருபது, முப்பது. அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வருவாள். "ஏய், இதுல பாதி உன்னோடது பா" என்று சிரிப்பாள். நான் என் ஃபைலில் திருத்திக்கொள்வேன். போர்டில் இருக்கிற எண்ணை யார் திருத்துவது? அவளும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாடு கட்டி வந்த பேப்பரின் ஓரத்தில் நான் அவளுக்கு லூப் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "உள்ள சுத்துறது முழுசா முடிஞ்சாத்தான் வெளிய ஒரு அடி நகரும், இல்ல?" என்று ஒருநாள் சொன்னபோது, கோர்ஸ் படித்த எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆனது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பொறாமைப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டு வேலை முடியும் தறுவாயில் மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். அடுத்த வேலை சின்னது, மூன்று பேர் போதும், அந்த மூன்று பேரையும் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்றார். ஜோடிக்கு ஒருத்தி. தப்பு குறைவாக வைத்திருப்பவள் இருப்பாள். "இது என் முடிவு இல்லம்மா. ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதான்" என்று கையை விரித்தார். முதல் மெஷின்காரிகளான நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ரிப்போர்ட்டின் லட்சணம் முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நியாயமாகச் சொன்னால், அப்போதும் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அவளுடைய வித்தியாசங்களில் எவ்வளவு என்னுடையது என்று கணக்கெடுத்து மேனேஜரிடம் காட்டிவிடலாம், இரண்டு பேருக்கும் எண் நெருக்கமாக வரும், அதன் பிறகு அவர் பாடு என்று நினைத்தேன். நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நல்ல எண்ணம் மனசில் இருந்தால் போதும் என்று நம்புகிற வயசு.

கடைசிப் பதிவேட்டில் நானூற்று முப்பது வரிசை. அவள் முந்தின நாள் முடித்திருந்தாள், நான் அன்று காலை முடித்தேன். மேனேஜரே ப்ரோக்ராமை ஓடவிட்டார். பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்து, மேஜைக் காலைச் சுற்றிக்கொண்டது. ஐம்பது பக்கத்துக்கு மேல். வரிசை இத்தனை, கட்டம் இத்தனை. வரிசை இத்தனை, கட்டம் இத்தனை. கடைசிப் பக்கத்தின் அடியில் மொத்தம்: மூவாயிரத்து நூற்றுச் சொச்சம்.

"என்னம்மா இது?" என்று தாளின் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றார். "கண்ண மூடிட்டு அடிச்சியா? மூவாயிரம் தப்பு!"

அவள் எழுந்து நின்றாள். தாளைக் கையில் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் எண்கள். "சார், பதிவேட்டக் குடுங்க, நான் ஒரு தடவ பாத்துர்றேன்" என்றாள்.

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே" என்றார் அவர். பதிவேட்டுக் கட்டையும் அவளுடைய ஃப்ளாப்பியையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சாயங்காலம் கூரியர். உன்னால முடிஞ்சத திருத்தும்மா." அவளைப் பார்த்து, "நீ இன்னிக்கு எதையும் தொடாதே" என்றார்.

வாரத்துக்கு இருபது தப்பு செய்கிறவள் ஒரே பதிவேட்டில் மூவாயிரம் செய்வாளா? மூளை இருக்கிற யாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கேட்கவில்லை. மற்ற நான்கு பேரும் கேட்கவில்லை. அச்சில் வந்துவிட்டால் எங்களுக்கு அது வேதம்.

பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். முதல் நாற்பது வரிசையில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து எல்லாமே வித்தியாசம். பதிவேட்டில் நாற்பதும் நாற்பத்தொன்றும் இரட்டைக் குழந்தைகள். இன்னும் பெயர் வைக்கவில்லை, பெயர்க் கட்டத்தில் 'குழந்தை' என்று மட்டும் இருந்தது. ஒரே குடும்பப் பெயர், இரண்டும் ஆண், இரண்டு நாள் வயது, ஒரே வியாதி, ஒரே தேதி, ஒரே குழி. ஒன்பது கட்டமும் அச்சு அசல். நான் இரண்டு வரியும் அடித்திருக்கிறேன். பிறகு ஃபைலைத் துடைத்தேன் இல்லையா, அப்போது ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே மாதிரி இரண்டு வரியைப் பார்த்து, தவறி இரண்டு தடவை அடித்துவிட்டேன் என்று ஒன்றைத் தட்டி எடுத்திருக்கிறேன். பதிவேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் சுத்தத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

தெருவில் ஒரு வீட்டை இடித்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லா வீடும் ஒன்று தள்ளி வந்துவிடும். என் லூப்புக்கு அது தெரியாது. அது என் நாற்பத்தொன்றை அவள் நாற்பத்தொன்றோடும், என் நாற்பத்திரண்டை அவள் நாற்பத்திரண்டோடும் ஒப்பிட்டுக்கொண்டே கடைசிவரை போயிருக்கிறது. அவள் ஸ்கேல் வைத்து வரி வரியாக அடித்த நானூற்று முப்பதும் சரி. முதலில் இரண்டு ஃபைலிலும் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பார் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே பிடிபட்டிருக்கும். நான் எழுதவில்லை. என் ஃபைல் முடிந்த இடத்தில் சுற்று நின்றுவிடும்படி எழுதியிருந்தேன். அவளுடைய கடைசிப் பிணத்தை அது பார்க்கக்கூட இல்லை.

குழந்தையின் வரியை நகலெடுத்து என் ஃபைலில் அதன் கீழேயே ஒட்டினேன். ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினேன், அச்சுக்கு அனுப்பாமல் திரையில் மட்டும். நான்கு வித்தியாசம். பதிவேட்டைப் பார்த்தேன். அதில் மூன்று என்னுடையது.

மேனேஜர் அறை பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். உட்கார்ந்தே இருந்தேன். நான் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பூஜ்யம், பூஜ்யம் என்று போர்டில் ஒட்டியதெல்லாம் பொய் என்று வெளியே வரும். ப்ரோக்ராம் எழுதத் தெரிந்தவள் என்கிற பெயர் போகும். ஜோடிக்கு ஒருத்தி என்றால் அந்த ஒருத்தி அவளாகத்தான் இருப்பாள். ஆளுக்குப் பாதியாக எண் வரும் என்ற என் நல்ல எண்ணமெல்லாம், எனக்கு வேலை போய்விடும் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் எங்கே போனது என்றே தெரியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"நீ பாத்தியா பா?" என்றாள்.

"ம்."

"மெய்யாலுமே அவ்ளோவா?"

"பாத்தேன். நெறைய இருக்கு" என்றேன்.

"உன்னோடது எத்தினி அதுல?"

"ஒண்ணு ரெண்டு."

அவள் தலையாட்டிக்கொண்டாள். "எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. வரி வரியா பாத்துத்தானே அடிச்சேன்" என்றாள். பிறகு, "நீ பாத்தேன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மேனேஜர் சொன்னபோது அவள் நம்பவில்லை. தாளைப் பார்த்தும் நம்பவில்லை. நான் சொன்னதும் நம்பிவிட்டாள். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் கேவலம். திருத்த வேண்டியதெல்லாம் நான்கு கட்டம், அதைத் திருத்திவிட்டேன். ஆனால் மூவாயிரம் தப்பை ஒருத்தி அரை மணியில் திருத்த முடியாதே? ஆகவே சாயங்காலம் ஐந்து மணிவரை எடிட்டரில் ஃபைலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு எழுத்தை அழித்து அதே எழுத்தை மறுபடி அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சுற்றி இருப்பவர்கள் சோற்றைக் கிளறிப் பார்க்காதவர்களாக இருந்தால் போதும். ஐந்து மணிக்கு ஃப்ளாப்பியை நீட்டினேன். மேனேஜர் அதை உயர்த்திப் பிடித்து, "பாத்துக்குங்கம்மா. ஒரே நாள்ல மூவாயிரம் தப்ப திருத்தியிருக்கா. இதுக்குப் பேரு டெடிகேஷன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வேலை பார்க்காமல் மூலையில் உட்கார்த்தப்பட்டிருந்த அவளும் தட்டினாள்.

சனிக்கிழமை அவளுக்கு ஒரு சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பினார்கள். படி இறங்குமுன் என் மேஜைக்கு வந்து, ஸ்கேலை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். "ரயில் பாத்துப் போ பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு தெரு தள்ளியிருந்த விவேக் நகருக்கு நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. பஸ் அந்த வழியாகப் போகும்போது பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

நான் பெர்மனென்ட் ஆனேன். அந்த ப்ரோக்ராமைக் காட்டி அடுத்த கம்பெனியில் வேலை வாங்கினேன், அதைக் காட்டி அடுத்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில், இன்னொருவர் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று பெயர். மீட்டிங்கில் யாராவது எழுந்து, "நம்பர் பொய் சொல்லாது" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த நம்பர், யார் எழுதினது, எதைச் சரி என்று வைத்துக்கொண்டு எண்ணினீர்கள் என்று குறுக்கே பாய்வேன். கறாரான பொம்பளை என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்களாம். தம்பிகள் படித்து வேலைக்குப் போனார்கள். அப்பா, நான் பெர்மனென்ட் ஆன மறு வருஷமே போய்விட்டார்.

அவளை மறுபடி பார்த்தது எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய ஹெப்பகோடியில், ஒரு ஜெராக்ஸ் கடையில். வாடகை ஒப்பந்தம் ஒன்றை நகலெடுக்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், பத்துப் பதினொரு வயசுப் பெண் குழந்தையோடு நின்று, பள்ளிக்கூட அட்மிஷன் ஃபாரத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, "அண்ணா, நீங்களே எழுதிக் குடுங்கண்ணா, எவ்ளோன்னாலும் குடுக்கறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கன்னடத்தில் நேரமில்லை என்றார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நழுவப் பார்த்தேன். அதற்குள் திரும்பிவிட்டாள்.

"ஏய்! நீயா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். கல்யாணம் ஆகி இங்கேயே வந்துவிட்டாளாம். வீட்டுக்காரர் பக்கத்து ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறார். கம்ப்யூட்டர் பக்கம் அதற்கப்புறம் போகவே இல்லை என்றாள். "ஏசப்பாதான் உன்ன அனுப்பியிருக்காரு. இந்த ஃபாரத்த எழுதிக் குடு பா. கட்டம் கட்டமா இருக்கு, எனக்கு பயமா இருக்கு."

"நீ எழுதறதுக்கு என்ன?" என்றேன்.

"நான் எழுதுனா தப்பாயிடும். உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. "ஆன்ட்டி, அப்பா அம்மாவ 'மூவாயிரம்'னுதான் கூப்பிடுவாரு" என்றது. குழம்பில் உப்பு கூடினால் மூவாயிரத்து ஒன்று. சில்லறை குறைந்தால் மூவாயிரத்து இரண்டு. வீட்டில் எந்தத் தாளிலும் அவள் பேனா வைப்பதில்லை. கையெழுத்து மட்டும் போடுவாள், அதையும் பக்கத்தில் ஆள் நின்றால்தான். இதையெல்லாம் அவளே தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிக்கு வரி ஸ்கேல் வைத்து அடித்தவள். உள் சுற்று முடிந்தால்தான் வெளிச் சுற்று நகரும் என்று சில மத்தியானங்களிலேயே புரிந்துகொண்டவள்.

அந்த இடத்திலேயே, ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவில், சொல்லிவிட்டேன். இரட்டைக் குழந்தைகள், நான் தட்டி எடுத்த வரி, ஒன்று தள்ளிப் போன வீடுகள், நான்கு வித்தியாசம், அதில் மூன்று என்னுடையது. "நீ ஒரே ஒரு தப்புதான் பண்ணே. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. உன் வேலைய நான் எடுத்துக்கிட்டேன்" என்றேன். திட்டுவாள், அடிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன்.

அவள் என் கன்னத்தில் கை வைத்தாள்.

"போ பா. நீதானே அன்னிக்குப் பதிவேட்டப் பாத்துட்டு வந்து, நெறைய இருக்குன்னு சொன்னே? இப்ப எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு மாத்திச் சொல்றே."

"இல்ல, நெஜமா..."

"கம்ப்யூட்டர் ஐம்பது பக்கம் பொய் சொல்லுமா? விடு. எத்தினி வருஷம் ஆச்சு. நான் அதெல்லாம் மனசுல வச்சிக்கல." குழந்தையின் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? ஃப்ரெண்டுன்னா இப்டி இருக்கணும். நான் பண்ண தப்ப தன் மேல போட்டுக்குறாங்க பாரு. இந்த ஆன்ட்டிதான் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து என் தப்ப எல்லாம் திருத்துனாங்க."

குழந்தை என்னை மரியாதையாகப் பார்த்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் உட்கார வைத்து, வெள்ளைத் தாளில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கலாம். பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும். செய்யவில்லை. புரிந்துவிடுமே என்கிற பயம்தான். சொல்லவும் சொல்லியாகிவிட்டது, தண்டனையும் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம் வந்ததை மறைக்க மாட்டேன்.

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை எழுதினேன். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அப்பா, அம்மா, விலாசம். கட்டத்துக்கு ஒரு எழுத்து. அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே, "எவ்ளோ அழகா எழுதறாங்க பாரு" என்று மகளிடம் சொன்னாள். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லன்னு போடு" என்றாள். போட்டேன். கையெழுத்துக்கு அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, இங்கேயா, இங்கேயா என்று இரண்டு தடவை கேட்டுக் கோடு தாண்டாமல் போட்டாள். அவளுடைய வேலையை எடுத்துக்கொண்ட நான், அன்று அவள் கொடுத்த நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.